உங்களுக்குத் தெரியுமா? – நமக்கு முன்னால் பட்ட பாடு

சிக்னல் கிடைக்கவில்லை, ரயில் லேட், சாப்பாடு இன்னும் வரவில்லை. நாள் முழுக்க இப்படி ஏதாவது ஓர் எரிச்சல். அது பொய்யில்லை. ஆனால் இதே விஷயங்களில் நம் தாத்தா பாட்டிகள் பட்டதைத் தெரிந்துகொண்டால், நம் எரிச்சலின் அளவு நமக்கே புரியும்.

● வெளியூருக்குப் பேச வேண்டுமா? 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு, மணி அடிக்கும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அதில் ரகம் வேறு. ஆபரேட்டர் தயவில்லாமல் நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி நம் நாட்டில் 1960-ல்தான் முதலில் வந்தது, அதுவும் கான்பூர் – லக்னோ இடையே மட்டும். 1995-ல் செல்போன் வந்த பிறகும், நமக்கு வரும் அழைப்புக்கு நாமே காசு கட்டினோம்.

● 1965-ல் உணவுப் பற்றாக்குறை நெருக்கியபோது, வாரம் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களிடம் கேட்டார். திங்கட்கிழமை இரவுகளில் ஹோட்டல்கள் அடுப்பை அணைத்தன.

● சென்னையில் பறக்கும் ரயிலில் மந்தைவெளி, திருமயிலை பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் கீழே பாருங்கள். தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடப்பது பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தச் சுமார் 8 கிலோமீட்டரை வெட்டியவர்கள், 1877–78-ல் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த பட்டினி மக்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் பேசப்பட்டது அதுதான். அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவருக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் வாதாடிய பிறகே கூலி ஓரளவு உயர்ந்தது. பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அந்தக் கால்வாயை இன்று சாக்கடையாக விட்டு வைத்திருப்பது மனதை அறுக்கிறது.

● இரண்டு மணி நேரம் டிராபிக்கில் நின்றால் நமக்குத் தலை வெடிக்கிறது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. துறைமுகக் கூலிகள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் என்று அங்கே பிழைத்துவந்த தமிழர்கள் உட்பட, அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு, இன்னொரு கூட்டம் தாமு வழியாக மணிப்பூருக்கு. காலரா, மலேரியா, குடிக்கத் தண்ணீர் இல்லாத மலைப்பாதை. கைக்குழந்தையோடு புறப்பட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்த தாய்மார்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். இதில் கொடுமை, வெள்ளைக்காரர்களுக்கு வசதியான பாதை, இந்தியர்களுக்குக் கடினமான பாதை என்று அங்கேயும் பாகுபாடு இருந்தது.

ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு அப்படி நடந்து வந்தவர். அந்த நடையைப் பின்னாளில் புத்தகமாகவும் எழுதினார். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வீடுகளில் 'பர்மாவிலிருந்து நடந்து வந்தவங்க' என்ற பேச்சு காதில் விழுந்தால், உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.

● தடுப்பூசி முகாமில் வரிசை நீளம் என்று அலுத்துக்கொள்கிறோமா? வீட்டில் உள்ள பெரியவர்கள் கையில் வட்டமாக, சற்றே பள்ளம் விழுந்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். அது அம்மை குத்திய தழும்பாக இருக்கலாம். பெரியம்மை கண்டவர்களில் பத்தில் மூன்று பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் பார்வை இழந்தவர்கள் உண்டு. 1974-ல்கூட பீகாரில் அது கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதம். 1980-ல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த ஊசியே தேவைப்படவில்லை.