பயிற்சிக் கிளினிக்கில் கேட்டுப் பெற வேண்டியவை

ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் நெஞ்சுவலி வந்தால் எங்கே ஓடுவது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, வேலைக்குக் கிளம்பினாலே கை நடுங்குகிறது, மகன் அறைக்கதவைத் திறப்பதே இல்லை என்றால் எங்கே போவது? பல குடும்பங்கள் முதலில் கோயிலுக்குப் போகின்றன, அடுத்து மந்திரிப்பவரிடம். சாமி கும்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கயிற்றுக்கும் பரிகாரத்துக்கும் கொடுக்கிற காசு, சில வேளைகளில் வைத்தியச் செலவையே தாண்டிவிடுகிறது. ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. பெர்மாய் மனநல மருத்துவமனை 1937இலிருந்து தம்போயில் இருப்பதால் அந்த ஊர்ப்பெயரே கேலிப்பேச்சாகிவிட்டது. "தம்போய்க்கு அனுப்பிடுவாங்க" என்ற பயத்திலேயே வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் அதிகம்.

இது நாலு பேர் பிரச்சினை அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. 2023இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர்.

தனியார் உளவியலாளரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு வெள்ளி சாதாரணம். ஒரு தடவை பேசி முடிகிற காரியமும் இல்லை; வாரத்துக்கு ஒன்றாகச் சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். தொழிற்சாலைச் சம்பளத்தில் அது நடக்காது. பல்கலைக்கழகப் பயிற்சிக் கிளினிக்குகள் உதவுவது இந்த இடத்தில்தான். மருத்துவ உளவியலில் முதுகலை படிப்பவர்கள் பட்டம் வாங்குமுன் உண்மையான நோயாளிகளோடு குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். அதற்காகப் பல்கலைக்கழகமே ஒரு கிளினிக்கை நடத்தி, வெளியாரிடம் குறைந்த கட்டணம் வாங்குகிறது. கோலாலம்பூரில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலமும் ஹெல்ப் பல்கலைக்கழகமும் இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பெயர் பெற்றவை.

"படிக்கிற பிள்ளைங்க நம்மள வச்சுக் கத்துக்கப் போறாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், கற்றுக்கொள்ளத்தான் போகிறார்கள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உலகத்தின் முதல் உளவியல் கிளினிக்கே பல்கலைக்கழகத்துக்குள்தான் பிறந்தது: 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கினார். முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு பையன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. பயிற்சிக் கிளினிக்கின் பலம், உங்கள் கதையை ஒருவருக்கு இருவர் யோசிப்பது. மாணவர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் அந்தக் குறிப்புகளைப் படிப்பார், ஒலிப்பதிவைக் கேட்பார், போக்கைத் திருத்துவார். தனியார் அறையில் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள் இல்லை. ஆனால் அந்த மேற்பார்வை பெயரளவில் இருந்தால் கட்டணக் குறைவு மட்டும்தான் மிஞ்சும். அதனால் முதல் நாளே கேளுங்கள்: மேற்பார்வையாளர் யார், பதிவு பெற்றவரா, என் விஷயத்தை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பார்? இதைக் கேட்டு முகம் சுளிக்கிற கிளினிக்கில் நான் என் வீட்டு ஆளை விடமாட்டேன்.

பதிவு என்பதற்குச் சட்டப் பொருள் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதியாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியாது. மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். "தெரபிஸ்ட்", "லைஃப் கோச்", "ஹீலர்" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களை இந்த இரண்டு சட்டமும் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது நம் வேலை.

கையெழுத்துப் போடும் முன் சம்மதப் படிவத்தைப் படியுங்கள். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியாவிட்டால் வாய்மொழியாக விளக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவோ காணொளியோ எடுப்பார்களா, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பதிவு வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அதனால் மாணவருக்குப் பதில் வேறொருவரிடம் அனுப்பப்பட நேரலாம், அவ்வளவுதான். நீங்கள் பேசுவது ரகசியம். ஆனால் எல்லையில்லாத ரகசியம் அல்ல: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றாலும் அவர்கள் வெளியே சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். மகள் உள்ளே பேசியதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பிப்பார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. எது வீட்டுக்குத் தெரியும், எது தெரியாது என்பதை அந்தப் பிள்ளை முன்னிலையிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. பருவம் முடிந்ததும் மாணவர் போய்விடுவார். ஒருவரிடம் மனம்விட்டுப் பேசப் பழகியபின் புது முகத்திடம் மறுபடி தொடங்குவது சுலபமில்லை. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும். தமிழ் பேசுகிறவர் கிடைப்பது அதிர்ஷ்டம். பதியும்போதே கேட்டு வைக்க வேண்டும். அங்கே மருந்து எழுதித் தர மாட்டார்கள், அது மனநல மருத்துவரின் வேலை. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று நம்புகிறார், உயிரை விடப் பேசுகிறார் என்ற நிலையில் பயிற்சிக் கிளினிக்குக்குப் போகவே கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான்.

ஆயர் ஈத்தாமிலிருந்து கோலாலம்பூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்துப் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பார்கள். அது தொழில்நுட்பத்துக்கான இடம். ஆகவே பயிற்சிக் கிளினிக்குகளிடம் இணையவழிச் சந்திப்பு உண்டா என்று கேளுங்கள், 2020க்குப் பிறகு அது பரவலாகிவிட்டது. வீட்டில் கதவு சாத்திப் பேச ஓர் அறை கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். நாலு பேர் நடமாடும் ஹாலில் கணவரைப் பற்றிப் பேச முடியாது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. "தூக்கமில்லை, மனசு சரியில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னால் கேள்வித்தாள் கொடுத்துச் சோதிப்பார்கள். தேவையென்றால் குளுவாங்கிலோ பத்து பகாட்டிலோ உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அங்கே சிறப்பு மருத்துவரைப் பார்க்க வழக்கமான கட்டணம் ஐந்து வெள்ளி. தலைவலி என்று மட்டும் சொன்னால் பனடோலோடு திரும்பி வருவீர்கள். வருமான வரி கட்டுகிறவர்கள், பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகியோரிடம் கட்டிய பணத்தின் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கான விலக்கில் இதுவும் சேரும்.

ஏதாவது தவறு நடந்தால், தகாத பேச்சு, ரகசியம் கசிவு, தொடுதல் எதுவானாலும், தேதியோடு எழுதி வையுங்கள். முதலில் மேற்பார்வையாளர், பிறகு துறைத்தலைவர், பல்கலைக்கழக நிர்வாகம். அங்கே மழுப்பினால் ஆலோசகர் வாரியம் அல்லது துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றம். பாலியல் அத்துமீறல் என்றால் இந்த வரிசை எதற்கும் காத்திருக்க வேண்டாம், காவல் நிலையத்துக்குப் போங்கள். புகார் கொடுத்ததற்காக உங்கள் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. வேறொருவரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தற்கொலை முயற்சி மலேசியாவில் இப்போது குற்றமில்லை. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீஸ் வழக்குக்குப் பயந்து மருந்து குடித்தவரை வீட்டிலேயே வைத்து மோர் கொடுக்கிற பழக்கம் இனி வேண்டாம், 999ஐ அழையுங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.