சிறுகதையை டி.வி.க்குக் கொண்டுவந்த பாலு மகேந்திரா



சீரியல் என்றாலே அழுகைதான் என்று நாம் எல்லாரும் கிண்டல் செய்வோம். நானும்தான். ஆனால் 2000-ஆம் ஆண்டை ஒட்டி சன் டி.வி.யில் 'கதை நேரம்' என்று ஒன்று வந்தது. மொத்தம் 52 கதைகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், 'தொடரும்' போட்டு நம்மை இழுத்தடிக்காது. சுஜாதா, சுந்தர ராமசாமி, மாலன் போன்ற எழுத்தாளர்களின் சிறுகதைகளையே எடுத்து இயக்கினார் பாலு மகேந்திரா.

இவர் 1939-ல் இலங்கையில் மட்டக்களப்பு பக்கம் அமிர்தகழி என்ற ஊரில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தின் ஷூட்டிங் நடந்ததாம். டைரக்டர் டேவிட் லீன் "மழை!" என்று கத்தினார், உடனே மழை கொட்டியது. ஒரு மனுசன் சொன்னா மழை வருதா என்று அசந்துபோன அந்தப் பையன், நானும் டைரக்டர் ஆவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். (நாமும்தான் டூர் போகிறோம், முறுக்கு தின்றுவிட்டு வருகிறோம்!) பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். வங்காள இயக்குநர் சத்யஜித் ரே படங்கள் என்றால் இவருக்கு உயிர்.

சரி, கதையை எப்படிப் படமாக்குவது? இங்கேதான் கஷ்டமே இருக்கிறது. 'அம்மா களைத்துப் போயிருந்தாள்' என்று நான் நோட்டில் எழுதிவிடலாம். கேமரா அப்படி எழுதாது. அது கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். அதனால் யோசித்தேன். ஒன்றரை ஷிப்ட் முடித்துக் கம்பெனி வேனில் வந்து இறங்கும் அம்மா. தலைமுடியில் பனியன் பஞ்சு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசப்படியில் உட்காருகிறார். அவ்வளவு போதும், வசனமே வேண்டாம். பாலு மகேந்திரா படங்களில் பேச்சு குறைவாக இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். வெளிச்சமும் அப்படித்தான். பெரிய பெரிய லைட் போடாமல், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்தே எடுப்பதில் பெயர் பெற்றவர். எங்கள் லைன் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வெளிச்சம் அமுச்சி முகத்தில் விழும்போது பார்த்தேன், சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

'கதை நேரம்' எடுத்தபோது அவரிடம் உதவியாளராக இருந்தவர் வெற்றிமாறன். சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது அவர் வேலைகளில் ஒன்று. பின்னாளில் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அவருடைய 'விசாரணை' ஆனது. பூமணியின் 'வெக்கை' 2019-ல் 'அசுரன்' ஆனது. பாலு மகேந்திரா 2007-ல் தொடங்கிய 'சினிமாப் பட்டறை'யிலும் மாணவர்கள் கதை படித்தே ஆக வேண்டும். அவர் 2014 பிப்ரவரி 13-ல் காலமானார்.

மாலன் எழுதிய 'தப்புக் கணக்கு' கதையை அவர் எடுத்ததை அக்கா செல்போனில் அமுச்சியோடு பார்த்தேன். ஒரு சிறுமி போட்ட கணக்கைத் தப்பு என்று டீச்சர் அடித்துவிடுகிற கதை. அமுச்சி பள்ளிக்கூடமே போனதில்லை, சின்ன வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங்கண்ணு, அந்தப் புள்ள போட்டது செரிதானே? பொறகு எதுக்குத் தப்புங்கறாங்க?" என்றார். நான் என்ன சொல்வது! "இந்த மாதிரி கதை புஸ்தகத்துல இன்னும் இருக்குதா?" என்று அடுத்த கேள்வி. நிறைய இருக்குது அமுச்சி என்றேன். "எனக்கு ஆரு படிச்சுச் சொல்லுவா?" என்றார்.

இப்போது தினமும் ராத்திரி ஒரு கதை படித்துக் காட்டுகிறேன். நடுவில் நிறுத்தி, "அந்த வீட்டுல ஜன்னல் எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்கிறார். புத்தகத்தில் அது எழுதியிருக்காது. நானே கிழக்கு என்று சொல்லிவிடுவேன்.

நூலகப் பீரியடில் சிறுகதைப் புத்தகத்தைத் தேடுகிறவர்களுக்கு: அது என்னிடம்தான் இருக்கிறது, இன்னும் நாலு கதை பாக்கி. வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்.