கோலி சோடாவின் சீற்றம்

சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் நின்று, தொண்டை வறண்டு, சோடாக் கடையைத் தேடாத மதுரைக்காரர் உண்டா? கடைக்காரர் புட்டியை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அழுத்துவார். 'டப்' என்ற ஓசையுடன் வாயு சீறும். கோலி கழுத்துக்குள் இறங்கி உருளும். மூடி இல்லை, தக்கை இல்லை. ஒரு கண்ணாடிக் குண்டு எவ்வாறு சோடாவைக் காத்து நின்றது?

சோடாவின் பிறப்பு

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில், பீர் வடிக்கும் ஆலைக்குப் பக்கத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி குடியிருந்தார். நொதிக்கும் பீர்த் தொட்டிகளின் மேல் கரியமிலவாயு தேங்கி நிற்பதைக் கண்ட அவர், 1767-இல் அவ்வாயுவை நீரில் கரைத்தார். அந்நீர் சுவையாக இருந்தது. அதுவே சோடாவின் தொடக்கம். கோலிப் புட்டியை உருவாக்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார்.

கைதியே காவலன்

புட்டியின் வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம் உள்ளது. நீரையும் வாயுவையும் நிரப்பிப் புட்டியைத் தலைகீழாகத் திருப்பினால், கோலி வாய்ப்புறம் விழுந்து வளையத்தில் அமரும். பின்னர் உள்ளிருக்கும் வாயுவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே 4 வளிமண்டல அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். வெளியே இருப்பது 1. வேறுபாடு 3, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் எடை. வளையத்தின் உள்விட்டம் 1 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 0.8 ச.செ.மீ. எனவே கோலியின் மீது செயல்படும் விசை ஏறக்குறைய 2.4 கிலோகிராம் எடை. கடைக்காரரின் கட்டைவிரல் வெல்ல வேண்டியது இதைத்தான். சிறிது வாயு வெளியேறியதும் அழுத்தம் குறைகிறது. கோலி தன் எடையாலேயே கீழே விழுகிறது.

ஈரச்சாக்கு ஏன்?

"சோடாப் பெட்டியின் மேல் ஈரச்சாக்கு போடுகிறார்களே, குளிர்ச்சிக்கு மட்டும்தானா, சார்?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி.

சர்க்கரை சூடான நீரில் மிகுதியாகக் கரையும். வாயு அதற்கு நேர்மாறானது. இயல்பான அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் 0° செ. வெப்பநிலையில் சுமார் 1.7 லிட்டர் கரியமிலவாயு கரையும், 20°-இல் 0.88 லிட்டர், 40°-இல் 0.53 லிட்டர்தான். 20°-இல் 4 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த புட்டியை மதுரை வெயிலில் வைத்து, உள்ளிருக்கும் நீர் 40° ஆனால், உள்ளழுத்தம் 6-ஐத் தாண்டிவிடும்! கீறல் விழுந்த பழைய புட்டி அதைத் தாங்காமல் வெடிக்கலாம். சில்லுகள் கண்ணைப் பறித்துவிடும். சாக்கிலிருந்து ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. சாக்கு சோடாவைக் குளிர்விக்கிறது, கடைக்காரரையும் காக்கிறது.

உப்பு போட்டால்

எலுமிச்சை உப்புச் சோடாவில் உப்பு விழுந்தவுடன் நுரை பொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். குமிழி தோன்றுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். உப்புத் துகள்களின் சொரசொரப்பும் அவற்றில் ஒட்டியுள்ள காற்றும் அதைத் தருகின்றன. குளிர்ந்த சோடாவை ஒரு தம்ளரிலும் குளிராத சோடாவை மற்றொன்றிலும் ஊற்றி, சிட்டிகை உப்பு இட்டுப் பாருங்கள். எதில் நுரை மிகுதி? ஏன்?

மீண்டும் கோலி

1892-இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி மலிவானது. அதைப் பயன்படுத்தும் புட்டியைக் கழுவுவதும் எளிது. கோலிப் புட்டியின் நெரிந்த கழுத்துக்குள் தூரிகை சரியாக நுழையாது. எனவே கோலி பின்வாங்கியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபின், மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916-இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க்கின் பொவண்டோவோடு கோலி சோடாவும் மீண்டும் பேசப்பட்டது. 2025-இல் அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாவதாக மத்திய அரசு தெரிவித்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் கோலி சோடா கேட்கும்போது புட்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீறலின்றி, தூய்மையாக, நிழலில் இருந்த புட்டி என்றால் தயங்காமல் குடிக்கலாம். அடுத்த 'டப்' ஓசையில் இயற்பியல் உங்களுக்குக் கேட்கும்.