கம்ப்யூட்டர் மேஜை தொய்யாமல் இருக்க...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மேஜையை ப்ளைவுட்டில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ராஜபாளையத்தில் நான் 18 மி.மீ. ப்ளைவுட்டில், 5 அடி நீளத்தில் செய்தேன். இரு ஓரங்களில் மட்டும் தாங்கினால், மானிட்டர், பிரிண்டர் எடையில் பலகை மாதக்கணக்கில் மெல்லத் தொய்யும். பிரிண்டர் சாய்ந்து நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி ஒருவர் சொன்ன வழி இது. பலகைக்கு அடியில், முன் ஓரத்தை ஒட்டி 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பரைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, பசை தடவித் திருகுங்கள். படுக்க வைத்ததைவிட அது 4 மடங்கு வளையாமல் தாங்கும்! பின் ஓரத்துக்குச் சுவரில் ஒரு ரீப்பர் போதும். பலகையின் மேல் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். கடையில் அறுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

திருகின் தலை பலகைக்குள் அமிழட்டும். துருத்தினால் மவுஸ் ஓடாது.