மஞ்சள் வணிகத்தில் இழப்புக்காப்பு மறுசீரமைப்பு

இழப்புக்காப்பு மறுசீரமைப்பு என்பது, விலை மாற்றத்தால் வரும் நட்டத்தைத் தடுக்க முன்பேரச் சந்தையில் ஒருவர் எடுத்து வைத்திருக்கும் நிலையை, கையிருப்பும் விலைகளும் மாறும்போது திருத்தி அமைப்பதாகும். பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் பங்குச்சந்தை ஆப்ஷன் கணக்குகளோடு விளக்குகின்றன. சேலம், நாமக்கல் பகுதி மஞ்சளைக் கொண்டு விளங்கிக்கொள்வது அதைவிட எளிது.

பின்னணி

நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விரலி, உருண்டை, பனங்காளி எனத் தரம் பிரித்து ஏலம் விடப்படுகிறது. ஏலத்தில் வாங்கியது கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கக்கூடும். அதற்குள் விலை விழுந்தால் நட்டம் வணிகருடையது. அதைத் தடுக்க, அவர் என்சிடிஇஎக்ஸ் சந்தையில் மஞ்சளை முன்பேரத்தில் விற்று வைக்கலாம். விலை விழுந்தால் கிடங்கில் இழந்தது முன்பேரத்தில் திரும்பக் கிடைக்கும். விலை ஏறினால் கிடங்கில் லாபம், முன்பேரத்தில் நட்டம்.

அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத். சேலம் என்ற பெயருள்ள மஞ்சள் ரகம் மகாராட்டிரம் வரை பயிராகிறது என்றாலும், விலை குறிக்கப்படும் இடம் சேலம் அல்ல! இரு ஊர் விலைகளும் ஒரே திசையில் சென்றாலும் ஒரே அளவில் செல்வதில்லை. உள்ளூர் விலைக்கும் முன்பேர விலைக்கும் உள்ள வேறுபாடு பேசிஸ் எனப்படும்.

ஒரு கணக்கு

ஒரு வணிகரிடம் 100 டன் மஞ்சள் இருப்பதாகக் கொள்வோம். முன்பேர விலை 100 ரூபாய் மாறினால் உள்ளூர் விலை சராசரியாக 80 ரூபாய் மாறுகிறது என்றால், காப்பு விகிதம் 0.8. அவர் 80 டன் விற்றால் போதும். ஒரு லாட் 5 டன் என்பதால் 16 லாட்.

இப்போது 40 டன் மஞ்சளை விற்றுவிட்டார். மீதி 60 டன்னுக்குத் தேவை 48 டன், அதாவது ஏறத்தாழ 10 லாட். ஆகவே 6 லாட்டைத் திரும்ப வாங்கி முடிக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்த 6 லாட்டுக்கு ஈடாகக் கிடங்கில் சரக்கு இல்லை. குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் ஏறினால், லாட்டுக்கு 50,000 வீதம் 3 லட்சம் ரூபாய் வீண் நட்டம். காப்பாகத் தொடங்கியது, அவர் அறியாமலே சூதாட்டமாகிவிட்டது.

பின்னர் விகிதம் 0.9 ஆக மாறினால் தேவை 54 டன், ஏறத்தாழ 11 லாட். ஒரே ஒரு லாட்டுக்காகத் தரகும் வரியும் கொடுப்பது பயன் தருமா என்று பார்க்க வேண்டும். அதனால் பலர் தேவை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே திருத்துகின்றனர்.

ஒப்பந்தம் முடியும் மாதமும் ஒரு திருத்தப் புள்ளியே. சரக்கை ஒப்படைக்க விரும்பாதவர், முடியும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டு அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறுவார். அந்த இரு மாத விலைகளின் வேறுபாடு லாபமாகவோ செலவாகவோ அமையும்.

மார்ஜின் நெருக்கடி

2023 ஏப்ரலில் குவிண்டால் 7,000 ரூபாய் அளவில் இருந்த மஞ்சள் முன்பேர விலை, ஆகஸ்டில் 15,000 ரூபாயைத் தாண்டியது. மேற்கண்ட வணிகர் 16 லாட்டையும் வைத்திருந்தால், 8,000 ரூபாய் ஏற்றத்துக்கு 64 லட்சம் நட்டம். விகிதம் 0.8 ஆகவே நீடித்திருந்தால் கிடங்கிலிருந்த 100 டன்னின் மதிப்பும் அதே 64 லட்சம் கூடியிருக்கும். ஏட்டில் கணக்கு சரிதான். ஆனால் முன்பேர நட்டம் அன்றன்றே ரொக்கமாகக் கட்டப்பட வேண்டும். கிடங்கின் லாபமோ சரக்கை விற்றால்தான் கைக்கு வரும். பணம் கட்ட முடியாமல் பாதியில் காப்பைக் கைவிட்டவருக்கு நட்டம் உறுதியாகிவிடும். அதற்குப் பின் விலை இறங்கினால் கிடங்குச் சரக்குக்கும் பாதுகாப்பு இல்லை. இத்தகைய காலத்தில் சரக்கில் ஒரு பகுதியை விற்று, அதற்கு ஈடான லாட்டுகளையும் சேர்த்து முடிப்பதே ஏற்ற மறுசீரமைப்பு.

சந்தையே நிற்கும்போது

மறுசீரமைக்கச் சந்தை திறந்திருக்க வேண்டும். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் முக்கியத் தீவனப் பொருள்கள். 2021 டிசம்பரில் சோயாபீன் உள்ளிட்ட ஏழு விளைபொருள்களின் முன்பேர வணிகத்தைச் செபி நிறுத்தியது. இருந்த நிலைகளை முடித்துக்கொள்ள மட்டுமே அனுமதி. புதியவை எடுக்க இயலாது. முதலில் ஓராண்டுக்கு விதிக்கப்பட்ட இத்தடை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது.