எலும்புக்கும் உணர்வு உண்டு

முதல் வெள்ளிகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருவானவரோடு நாமும் சில இல்லங்களுக்குச் செல்வதுண்டு. கட்டிலில் பாட்டி படுத்திருப்பார். “இடுப்பெலும்பு முறிந்தது கூடிவிட்டது, சுவாமி. ஆனாலும் எழுந்திருக்க விடுவதில்லை. இந்த வயதில் ஏன் நோகவேண்டும்?” என்பர் வீட்டார். அவர்தம் அன்பில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவ்வெலும்பினுள் நடப்பதை அறிந்தால், அவர்கள் வேறுவிதமாய் எண்ணக்கூடும்.

எலும்பு காய்ந்த கட்டையன்று. அதனுள் எண்ணற்ற உயிரணுக்கள் வாழ்கின்றன. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் எலும்பு கண்ணுக்குப் புலப்படாவண்ணம் வளைகிறது. உயிரணுக்களைச் சூழ்ந்த நுண்ணிய கால்வாய்களில் நீர்மம் அசைகிறது. கண்ணோ நரம்போ இல்லாத உயிரணு இதனை எவ்வாறு உணர்கிறது? தன்னைத் தாங்கிநிற்கும் புரதங்களைக் கொண்டே உணர்கிறது.

உயிரணுவுக்கு வெளியே கொல்லாஜன் போன்ற புரதங்கள் கயிறுகளாய்ப் பரந்துள்ளன. உள்ளே ஆக்டின் இழைகள் ஓடுகின்றன. உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் இண்டெக்ரின், வெளிக் கயிற்றைப் பற்றிக்கொள்கிறது. டாலின் என்னும் புரதம் அதனை உள்ளிழையோடு பிணைக்கிறது. இந்த டாலின் விந்தையானது. இழுப்பு இல்லாதபோது மடித்த துணிபோல் அடங்கியிருக்கும். இழுத்தாலோ மடிப்பு விரிந்து, உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளிப்படும். வின்குலின் என்னும் வேறொரு புரதம் அங்கே வந்து ஒட்டிப் பிணைப்பை வலுவாக்கும். டாலினின் ஒரு பகுதியைத் தனியே இழுத்துப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர் இதனை 2009-இல் மெய்ப்பித்தனர். வெறும் தூண் என்று எண்ணியிருந்தது, செய்தி சொல்லும் தூதனுமாயிற்று!

சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று பெர்லின் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதினார். டென்னிஸ் வீரர்க்குப் பந்தடிக்கும் கையின் எலும்பு பருத்திருப்பது இதனாலேயே.

சுமை இல்லையேல்? ஸ்கிளெரோஸ்டின் என்றொரு புரதத்தை எலும்பின் உயிரணுக்கள் சுரக்கின்றன. எலும்பு கட்டும் பணியை நிறுத்திவைப்பது அது. சுமை விழுந்தால் குறையும். படுத்தே கிடந்தால் மிகும். முன்னாளில் விண்வெளியில் நெடுநாள் தங்கிய வீரர்கள், திடகாத்திரமாயிருந்தும், இடுப்பெலும்பில் மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை இழந்தனர். பாட்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இடுப்பெலும்பு அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்த மருத்துவர்கள் முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லார்க்கும் இது பொருந்தாது. மருத்துவரைக் கேளாமல் எவரையும் எழுப்புதல் ஆகாது. அவர் இசைந்தால், முதலில் கட்டில் விளிம்பில் கால்களைத் தரையில் ஊன்றி உட்காரட்டும். பிறகு ஒருவர் தோளைப் பற்றிச் சற்று நிற்கட்டும். அடுத்த முதல் வெள்ளியன்று பாட்டி நாற்காலியில் அமர்ந்து நற்கருணை வாங்கலாமா என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள்.