தன் பெயரைத் தன் மொழியில் எழுதும் நாடு

பிரிட்டன் என்றாலே இங்கிலாந்துதான் என்று எண்ணிப் பழகிய இந்திய இளைஞனுக்கு வேல்ஸ் நாடு அளிக்கும் முதல் வியப்பு அதன் பெயர்ப் பலகைகளே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பட்டமேற்படிப்பு பயின்றுகொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் ரயிலேறினேன். 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை வழியாக செவர்ன் ஆற்றின் அடியில் ரயில் செல்கிறது. இருள் விலகி வெளிச்சம் வந்ததும், அறிவிப்புகளில் வேறொரு மொழி கலந்து ஒலித்தது. கார்டிஃப் நகரம் அங்கே ‘கயர்தீத்’ ஆகிறது. சாலையில் ‘மெதுவாகச் செல்க’ என்பதும், காவல்துறை வாகனத்தின் பெயரும் இரு மொழிகளில் உள்ளன.

‘வேல்ஸ்’ என்பதே அந்த மக்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரன்று. ‘அந்நியர்’ எனும் பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது பிறந்தது. சொந்த மண்ணிலேயே அந்நியர் என அழைக்கப்பட்டவர்கள் தம் நாட்டைக் ‘கம்ரி’ என்கின்றனர். ஒரே நாட்டவர், உடன்வாழ்வோர் என்பது அதன் வேர்ப்பொருள்.

பலகைக்குப் பின்னே போராட்டம்

இந்த இருமொழிப் பலகைகள் அரசு மனமுவந்து அளித்த கொடை அல்ல. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்துடன் இணைத்தபோதே, ஆங்கிலம் பயன்படுத்தாதோர் அரசுப் பதவி வகிக்க முடியாது என விதித்தது. 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அவன் வெல்ஷ் பேசும் இன்னொரு மாணவனைக் கண்டால் அது அவனிடம் கைமாறும். பொழுது சாயும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்குத் தண்டனை. தாய்மொழியைக் குற்றமாக்கியதோடு, மாணவர்களை ஒருவருக்கொருவர் ஒற்றர்களாகவும் ஆக்கிய ஏற்பாடு இது.

1962இல் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ், மொழியின் எதிர்காலம் குறித்து வானொலியில் ஆற்றிய உரை இளைஞர்களைத் தட்டியெழுப்பியது. அவ்வாண்டே வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. ஆங்கிலம் மட்டுமே இருந்த சாலைப் பலகைகள்மீது இளைஞர்கள் வண்ணம் பூசினர். பலர் சிறை சென்றனர். 1972இல் அரசு அமைத்த குழுவே இருமொழிப் பலகைகளைப் பரிந்துரைத்தது. வெல்ஷ் தொலைக்காட்சி தருவதாகக் கூறிய வாக்குறுதியிலிருந்து அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு பின்வாங்கியபோது, ப்ளைட் கம்ரி கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த குவின்வோர் எவன்ஸ், சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1 அன்று வெல்ஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

மூழ்கிய ஊர்

மேற்குக் கடற்கரைச் சாலையில், அபெரிஸ்ட்வித் நகருக்கு அருகே, இடிந்த கற்சுவர் ஒன்றில் ‘ட்ராவெரினை நினைவில் கொள்’ என்று வெல்ஷ் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. வடக்கே ட்ராவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற சிற்றூர் இருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக அணை கட்ட, 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறியது. 1965இல் பள்ளி, அஞ்சலகம், தேவாலயம், வீடுகள் யாவும் நீரில் மூழ்கின. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல் லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கோரியது.

தம் பிரதிநிதிகள் ஒருமுகமாக மறுத்தாலும் தம் மண்ணைக் காக்க இயலாது எனும் பாடமே, தனிச் சட்டமன்றம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு உரமாயிற்று. எனினும் 1979 பொதுவாக்கெடுப்பில் வேல்ஸ் மக்களே அதைப் பெருவாரியாக நிராகரித்தனர். 1997இல் வெறும் 6,721 வாக்கு வேறுபாட்டில் அது ஏற்கப்பட்டது. 1999இல் சட்டமன்றம் கூடியது. 2020இல் அது நாடாளுமன்றம் எனப் பெயர் பெற்றது. கார்டிஃப் கடலோரத்தில் கண்ணாடியும் பலகைக்கல்லும் கொண்டு எழுந்த ‘செனெத்’ கட்டடத்தில் எவரும் சென்று பார்வையாளர் மாடத்தில் அமரலாம். உறுப்பினர் வெல்ஷ் மொழியில் பேச, மொழிபெயர்ப்பு நம் காதில் ஒலிக்கிறது.

சட்டம் மட்டும் போதுமா?

இவ்வளவுக்குப் பிறகும் தலைநகரின் கடைத்தெருக்களில் என் காதில் விழுந்ததெல்லாம் ஆங்கிலமே. பலகையில் வாழும் மொழி நாவில் வாழவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. வடமேற்கே, மலைகள் சூழ்ந்த குவினெத் மாவட்டத்தின் கெர்னார்வன் நகருக்குச் சென்றபோது அந்த ஐயம் பாதி தீர்ந்தது. அங்கே ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் பள்ளி வாசலிலும் வெல்ஷ் இயல்பாகப் புழங்குகிறது. அயலவனான என்னைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள், திரும்பிய கணமே தம் மொழிக்கு மீண்டனர்.

மீதிப் பாதி ஐயத்துக்குப் புள்ளிவிவரம் விடை சொல்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வெல்ஷ் மொழிக்கு அதிகாரபூர்வத் தகுதி அளித்தது. 2050க்குள் 10 லட்சம் பேர் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசு 2017இல் வகுத்த இலக்கு. ஆனால் 2021 கணக்கெடுப்பில் பேசுவோர் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம். மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன்பு இது 19 விழுக்காடாக இருந்தது. மொழி செழித்த ஊர்களில் வேலைவாய்ப்புக் குறைவு. வசதி படைத்தோர் விடுமுறை இல்லங்களாக வீடுகளை வாங்கிக் குவிப்பதால் விலை ஏறி, உள்ளூர் இளைஞர்கள் வெளியேறுகின்றனர். இத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்க 2023இல் அதிகாரம் வழங்கப்பட்டதன் பின்னணி இதுவே. மொழிச் சிக்கல் வீட்டுச் சிக்கலாகவும் பிழைப்புச் சிக்கலாகவும் இருப்பதை வேல்ஸ் உணரத் தொடங்கியிருக்கிறது.

மேகாலயத்தில் ஒரு சுவடு

இந்தச் சிறு நாட்டின் சுவடு இந்தியாவிலும் உண்டு. 1841இல் செர்ராபுஞ்சிக்கு வந்த வெல்ஷ் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ், காசி மொழிக்கு ரோமன் எழுத்தைப் பொருத்தினார். ஆங்கில நெடுங்கணக்கில் ‘சி’ வரும் இடத்தில் காசியில் ‘கே’ வருவதும், ‘ஜி’யை அடுத்து ‘என்ஜி’ தனியெழுத்தாக நிற்பதும் வெல்ஷ் முறையின் தாக்கமே. தன் தாய்நாட்டில் தாழ்த்தப்பட்ட மொழியின் எழுத்துமுறை, கடல் கடந்து இன்னொரு சிறு மொழி ஏட்டில் ஏற உதவியது. மேகாலயத்தில் இணை அலுவல் மொழியான காசி, நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற 22 மொழிகளில் இல்லை. அதற்கான கோரிக்கை பல்லாண்டுகளாகத் தில்லிக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அட்டவணையில் இடம் கிடைப்பது ஒரு மொழிக்கு நுழைவாயில். பலகையில் இடம் கிடைப்பது அடுத்த படி. அந்த மொழியைப் பேசும் இளைஞன் தன் ஊரிலேயே வேலை பெற்று, வீடு கட்டி, தன் குழந்தையோடு அதில் பேசும் நிலை வந்தால்தான் பயணம் நிறைவுறும். முதல் இரண்டையும் போராடிப் பெற்ற வேல்ஸ், மூன்றாவதற்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.